மாலை போட்ட முதுகு

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டர் வீட்டு அக்கா அவர்களே, வந்திருக்கும் நண்பர்களே!

பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். இந்த வானியல் சங்கத்தில் என் பதவி, மகளுடைய தொலைநோக்கியைச் சுமப்பது. படித்தவர்கள் எவருக்கும் இன்று வாய் எழவில்லை. அதனால் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

ஏன் எழவில்லை? மாலை போட்ட அந்தப் படத்தைப் பாருங்கள்!

ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, தொலைநோக்கி விலகாமல் திருத்திக்கொண்டே இருக்கும் கருவி கைடர். அது மக்கர் செய்தால் படத்தில் நட்சத்திரமெல்லாம் புழுவாய் நெளியும். அப்போது யாரைக் கூப்பிட்டோம்? நம் பல் டாக்டரை! "மொதல்ல வயரு எங்கயாவது மாட்டுதான்னு பாருங்க" என்பார். அப்புறம் எடை இருபக்கமும் சமமா என்று. அப்புறம் பல்சக்கரம். "எனக்கு வாய்ச்சதிலயே அலறாத பேஷண்ட் இதுதான்" என்று சிரிப்பார்.

ஒருமுறை எங்கள் மொட்டைமாடியில் எல்லாம் பார்த்தாயிற்று. திரையில் விலகலைக் காட்டும் கோடு மலையும் மடுவுமாக எகிறுகிறது. டாக்டர் என்னைப் பார்த்தார். "சார், கொஞ்சம் உக்காருங்களேன்." உட்கார்ந்தேன். கோடு படுத்துவிட்டது! நான் நடந்த நடையில் தளமே ஆடியிருக்கிறது.

"அப்பா, நீதான் கோளாறா?" என்றாள் மகள்.

"சேச்சே, காத்தும்மா" என்றார் அந்தப் பெரிய மனிதர். இலை அசையவில்லை.

அவர் நம்மை விட்டுப் போய்ச் சேர்ந்தபின் அக்கா கேட்டது ஒன்றுதான்: "உங்ககூடத்தான கெடந்தாரு. நல்ல போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்க தம்பி."

தேடினோம். எத்தனை கேமரா நம்மிடம்! கண்ணுக்கே எட்டாத வானத்துத் தூசி மேகமெல்லாம் படமாக இருக்கிறது. கைக்கெட்டிய தூரத்தில் நின்றவரின் முகம் இல்லை. கிடைத்தது இது மட்டும்: குனிந்து வயரைத் தடவும் முதுகு.

அக்கா வாங்கிப் பார்த்தார். "இந்த முதுக எனக்குத் தெரியும் தம்பி. பெட்டியத் தூக்கிட்டு வாசல் தாண்டும்போதெல்லாம் பாத்ததுதான். நான் மொகத்தக் கேட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இதைவிட வெட்கக்கேடு உண்டா? படம் பிடிப்பவர்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கூசவில்லையா?

டாக்டர் அவர்களே! இனி யாருடைய கைடர் மக்கர் செய்தாலும், உங்கள் இடத்தில் நாங்கள் ஓடுவோம். வயர், எடை, பல்சக்கரம், வரிசை மாறாது. வேலை முடிந்ததும் குனிந்தவரை நிமிரச் சொல்லிப் படமெடுப்போம். அதை அவர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குப் போவோம்.

என்னால் வேறென்ன முடியும்? தளத்தை ஆட்டாமல் இருக்க முடியும். இதோ, உட்காருகிறேன் டாக்டர்.