மாமனார் எந்த அணி?

ஜெகதீசன்: அப்போ பந்தே இல்லன்றியா?

அருள்: இல்ல மாமா. பந்துக்குப் பதிலா கருப்பா, தட்டையா ஒண்ணு. உங்க கம்பெனில அடிக்கிற வாசர் மாதிரி. நடுவுல ஓட்டைதான் கிடையாது.

ஜெகதீசன்: ரப்பரா?

அருள்: ரப்பர்னுதான் நெட்ல போட்டுகீது. ஆட்டத்துக்கு முன்னாடி அத்த ஐசுல வெப்பானுங்களாம்.

ஜெகதீசன்: பின்ன? சூடு ஏறுனா துள்ளும்ல. முப்பது வருசமா அம்பத்தூர் எஸ்டேட்ல ரப்பரோட குடும்பம் நடத்துறேன், எனக்கே… சரி, அத்த உடு. மேட்டருக்கு வா. நான் எந்த டீமு?

அருள்: நீ எந்த டீமுன்னு நான் எப்டி மாமா சொல்றது? நான் ஆவடி–பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஓட்றவன். எனக்குத் தெரிஞ்ச ஐசெல்லாம் சாவித்திரி அக்கா கடை குச்சி ஐசுதான்.

ஜெகதீசன்: மெதுவா பேசு மச்சான். உள்ள உங்க அக்கா கீறா.

அருள்: ஐஸ் ஹாக்கி பத்திப் பேசுனா அக்கா இன்னா பண்ணும்?

ஜெகதீசன்: இது கம்பெனி விசயம்டா. வெளிநாட்லேந்து எஞ்சினியர் ஒருத்தன் வந்துகீறான். இந்த ஆட்டம்னா உயிரு. நீங்க எந்த டீமுன்னு கேட்டுட்டான். இன்னிக்கு சாயங்காலம் பெரிய மேட்சு. அதுக்குள்ள பதில் சொல்லலன்னா மரியாதயா இருக்காது.

அருள்: பேரு இன்னா, எஞ்சினியருக்கு?

ஜெகதீசன்: தொமாஷு.

அருள்: தொமாஷு…

ஜெகதீசன்: ஆமா.

அருள்: மாமா, உங்க மொதலாளி ஃபேன் ஓடலன்னாலே ஆளு கூப்புட மாட்டாரு. அவரா வெளிநாட்டு எஞ்சினியர இட்டாந்தாரு?

ஜெகதீசன்: புது மிசினு…

அருள்: தொமாஷுன்றது உன் பொண்ணு கவிப்பிரியா ஊட்டுக்காரன் பேரு.

ஜெகதீசன்: ஒலகத்துல ஒரே ஒரு தொமாஷா கீறான்?

அருள்: திருநின்றவூர் வரைக்கும் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் மாமா.

ஜெகதீசன்: சரி, அவன்தான். கத்தாத. கதவ சாத்து.

அருள்: கதவ சாத்துனா வெந்துடுவோம். கத்திரி வெயிலு. நீ அவன்கிட்ட பேசறியா?

ஜெகதீசன்: பேசலடா! அவன்தான் மெசேஜ் போட்டான். போன வருசம் இதே எடத்துல நின்னுகினு, இனிமே இந்த ஊட்ல யாரும் அந்தப் பொண்ணுகிட்ட பேசக்கூடாது, போன் வந்தா எடுக்கக்கூடாதுன்னு கத்துனது யாரு?

அருள்: நீதான். தெருவே வந்து பாத்துச்சி.

ஜெகதீசன்: இப்போ நானே அவன் மெசேஜ எடுத்து வெச்சிகினு குந்திகினு கீறேன்னு தெரிஞ்சா உங்க அக்கா இன்னா சொல்லுவா? பாவம்டா அவ. ஒரு வருசமா பல்லக் கடிச்சிகினு என் பேச்சக் காப்பாத்திகினு கீறா.

அருள்: …ஆமாமா. பாவம்தான்.

ஜெகதீசன்: இந்தா, நீயே படி.

அருள்: 'மதிப்பிற்குரிய மாமனாரே, வணக்கம். நான் உங்கள் மருமகன் தொமாஷ். பனிக்கட்டி வளைகோல் பந்தாட்ட உலகப் போட்டி தொடங்குகிறது. எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஓர் அணியைத் தேர்வு செய்ய வேண்டும். தேர்வு செய்யாதவர் போட்டி முடியும் வரை பாத்திரம் கழுவுவார். நீங்களும் குடும்பம். நீங்கள் எந்த அணி?' … இன்னா மாமா, தாசில்தார் ஆபீஸ் நோட்டீசு மாதிரி கீது?

ஜெகதீசன்: போனே மாத்திக் குடுக்கற தமிழ்டா அது. ஆனா 'மாமனாரே'ன்னு போட்டுகீறான் பாரு.

அருள்: இது வந்து ரொம்ப நாளாவுதே! நீ பாத்தும் கீற. நீல டிக்கு உழுந்திருக்கு.

ஜெகதீசன்: கை பட்டுடுச்சி.

அருள்: பாத்துட்டும் பதில் போடலன்னு அவனுக்குத் தெரியும் மாமா.

ஜெகதீசன்: அதான்டா பேஜாரு! நான் கோவத்துல போடலன்னு நெனச்சிகினு கீறான். கோவம் இல்ல… கோவமும் கீது, அது வேற. ஆனா பதில் போடாததுக்குக் காரணம் கோவம் இல்ல. எனக்கு டீமு தெரில!

அருள்: எதனா ஒண்ணு சொல்லிட வேண்டிதானே?

ஜெகதீசன்: எதனா ஒண்ணா? ஊட்ல ஒருத்தனுக்கு மொத மொத சொல்ற வார்த்த. அதப் போயி எதனான்னு சொல்ல முடியுமா? நம்ம இந்தியாவுக்கு டீமு கீதா?

அருள்: கீது. லடாக்குல பொண்ணுங்கல்லாம்கூட ஆடுதுங்களாம். ஆனா இந்தப் போட்டில நாம இல்ல.

ஜெகதீசன்: கனடா?

அருள்: கனடா செம டீமு மாமா. இந்த ஆட்டத்துல அவங்கதான் பெரிய தல.

ஜெகதீசன்: வாணாம். எதிர் ஊட்டு செல்வகுமாரு பையன் கனடால கீறான். அவன் ஊட்டு வாசல்ல பனி அள்ற வீடியோவ டீக்கடைல குந்திகினு தெனம் காட்றான் அந்தாளு. கனடா ஜெயிச்சா, அவனே கோல் போட்ட மாதிரி பேசுவான்.

அருள்: அமெரிக்கா?

ஜெகதீசன்: அவங்க எல்லாத்துலயும்தான் கீறாங்க. இதுலயாச்சும் வேற எவனாவது இருக்கட்டும்.

அருள்: சுவிட்சர்லாந்து?

ஜெகதீசன்: அது டூயட் ஆடற எடமாச்சே. அங்க குச்சி எடுத்துகினு அடிச்சிக்கிறாங்களா? … மச்சான், ரஷ்யா! உங்க நைனா ஆவடி டாங்கி ஃபேக்டரில இருந்தாரே. ரஷ்யாக்காரன் குடுத்த தொப்பிய கத்திரி வெயில்லயும் போட்டுகினு கோயிலுக்கு வருவாரே. ரஷ்யான்னா நமக்குக் குடும்ப வழில வருது.

அருள்: ரஷ்யாவ இப்போ ஆட்டத்துல சேக்கறதில்ல மாமா. சண்ட நடக்குதுல.

ஜெகதீசன்: ஒண்ணு கெடச்சிது, அதுவும் போச்சி.

அருள்: இன்னா மாமா நீ? கனடா எதிர் ஊட்டுக்காரனால வாணாம், ரஷ்யா மாமனாரால வேணும். ஆட்டம் எவன் நல்லா ஆட்றான்னு ஒரு தபா கேட்டியா?

ஜெகதீசன்: நீ ஐபிஎல்ல மஞ்ச சட்ட போட்டுகினு சுத்தறியே, ஆட்டத்தப் பாத்தா சேந்த? ஆவடில பொறந்த, சேந்துட்ட. எனக்கு இங்க பொறந்து வந்த டீமு எதுவும் இல்லியே, இன்னா பண்ணுவேன்? … உஷ். வர்றா. போன கவுத்து வெய்யி.

அனுசுயா: இன்னாடா, கதவ சாத்திகினு ரெண்டு பேரும்? ஆவில வெச்ச இட்லி மாதிரி ஆயிகீறீங்க.

அருள்: சும்மா… ஹாக்கி பேசிகினு இருந்தோம்க்கா.

ஜெகதீசன்: கரண்ட்டு பில்லு!

அனுசுயா: ஹாக்கியா, கரண்ட்டு பில்லா?

ஜெகதீசன்: ஹாக்கி பாத்தா கரண்ட்டு பில்லு எவ்ளோ வரும்னு…

அனுசுயா: வெயிலு தலைக்கு ஏறிடுச்சி. இந்தா, மோரு. நேத்து கிண்டுன கேசரி மிச்சம் கீது, துன்றியாடா?

அருள்: …குடுக்கா.

ஜெகதீசன்: அதச் சொல்லு. நேத்து திடீர்னு முந்திரி திராட்சைலாம் போட்டு கேசரி. இன்னாடி விசேசம்னா, சும்மான்றா. பண்டிகை இல்ல, பொறந்த நாளு இல்ல. நான் குழம்பிப் போயி காலண்டர எல்லாம் பாத்தேன்.

அனுசுயா: ரவை வண்டு பிடிக்கப் பாத்துச்சி. கிண்டிட்டேன். அதுக்கொரு விசாரணையா?

ஜெகதீசன்: சரி, ஒண்ணு கேக்கறேன். பனி பெய்யற நாடுங்கள்ல ஒண்ணு சொல்லு. பட்டுனு.

அனுசுயா: பின்லாந்து.

ஜெகதீசன்: அதெப்டி பட்டுனு வருது?

அனுசுயா: நீதானே பட்டுனு சொல்லச் சொன்ன? நடுவுல மூணு வருசம் போன் கம்பெனில வேல செஞ்சேனே, அது பின்லாந்துக்காரங்க கம்பெனி. கவிக்கு ஸ்கூல் ஃபீசு, இந்த ஃபிரிஜ்ஜு, எல்லாம் அவங்க குடுத்த சம்பளம்தான்… இன்னா மூஞ்சி மாறுது? அவ பேர நான் சொல்லல, வாய் தவறிடுச்சி. போறேன், அடுப்புல பால் கீது.

ஜெகதீசன்: …பாத்தியா? பேரு சொன்னதுக்கே எப்டி பயப்படறா.

அருள்: ம்… கேசரி நல்லாகீது மாமா.

ஜெகதீசன்: துன்னுட்டு அடுத்த மெசேஜப் படி. காலைல வந்துது. அதப் பாத்துதான் உன்ன வரச் சொன்னேன்.

அருள்: 'வணக்கம் மாமனாரே. இன்று மாலை செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் மோதுகின்றன. என் தந்தை செக். என் தாய் ஸ்லோவாக்கியா. வீட்டில் அமைதி இல்லை.' … இதுல கேள்வியே இல்லியே மாமா. நீ எந்த டீமுன்னு கேக்கலியே.

ஜெகதீசன்: கேக்காம கேக்கறான்டா. வெளங்கல? நீ எந்தப் பக்கம் நிப்பன்னு சோதிக்கிறான். அப்பன் ஒரு நாடு, ஆத்தா ஒரு நாடு, எப்டிடா?

அருள்: முன்னாடி ரெண்டும் ஒரே நாடாம். அப்பால பிரிஞ்சிகினாங்களாம்.

ஜெகதீசன்: வெட்டு குத்தா?

அருள்: இல்ல. குந்திப் பேசி பிரிச்சிகினாங்களாம்.

ஜெகதீசன்: நாட்டயேவா? நானும் எங்க அண்ணன் சிவராமனும் இந்த ஒரு ஊட்டப் பிரிச்சோம். நடுச்சுவரு அரை அடி தள்ளி வந்துடுச்சின்னு இன்னிக்கும் அவன் பொங்கலுக்குக்கூடப் பேச மாட்டான்… இவங்க நாட்டப் பிரிச்சிட்டு ஒரே சோபால குந்தி மேட்சு பாக்கறாங்களா?

அருள்: அப்போ செக்குன்னு போடு. ஜாவா பைக்கு அவங்களுதுதான் மாமா.

ஜெகதீசன்: ஜாவாவா? எங்க பழைய சூப்பர்வைசர் வெச்சிகினு இருந்தாரே! மொனைல திரும்புனாலே சத்தம் கேக்கும், நாங்க பீடிய அணைச்சிடுவோம். நல்ல வண்டி… ஆனா செக்குன்னு சொன்னா அவன் ஆத்தா மனசு கஷ்டப்படும். ஸ்லோவாக்கியான்னா அப்பன் கோச்சிக்குவான். சம்பந்திங்களாச்சேடா.

அருள்: சம்பந்தியா! ஒரு வருசமா அந்தப் பையன்னு கூட சொல்ல மாட்ட…

ஜெகதீசன்: வாய் தவறிடுச்சி.

அருள்: உங்க ஊட்ல எல்லாருக்கும் இன்னிக்கு வாய் தவறுது. சரி, மருமவன் யாரு பக்கம்னு பாப்போம். அவன் டிபிய பெருசு பண்ணு… மாமா, இன்னா இது? அவன் டிபிய நீ கேலரில எடுத்து வெச்சிகீற.

ஜெகதீசன்: கை பட்டுடுச்சி.

அருள்: அஞ்சு தபாவா?

ஜெகதீசன்: படத்தப் பாருடா!

அருள்: அவன் சட்டைல ரெட்ட சிலுவ. ஸ்லோவாக்கியா. ஆத்தா பக்கம். முடிஞ்சிது மாமா. மருமவன் டீமு எதுவோ அதான் நம்ம டீமு. குளுந்து போயிடுவான். டைப் பண்றேன். ஸ்… லோ… வா…

ஜெகதீசன்: இரு. பக்கத்துல நம்ம பொண்ணு போட்டுகீற சட்டைல இன்னா?

அருள்: சிங்கம். ரெண்டு வாலு. இது செக்கு. அடிப்பாவி, புருசன் ஒரு டீமு, இவ ஒரு டீமா?

ஜெகதீசன்: அவ வேல பாக்கறது செக்குலதானே. சோறு போட்ற ஊரு. உங்க அக்கா புத்தி… அழி.

அருள்: மாமா?

ஜெகதீசன்: ஸ்லோவாக்கியாவ அழின்றேன். கல்யாண போட்டோ அனுப்புனாளே, ஞாபகம் கீதா? அவன் பக்கம் பதினஞ்சு பேரு சிரிச்சிகினு நிக்கிறான். இவ பக்கம் ஒருத்தர் இல்ல. முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.

அருள்: சொல்லியிருந்தா ஒத்துகினு இருப்பியா?

ஜெகதீசன்: மாட்டேன். ஆனா சொல்லியிருக்கலாம்… செக்குன்னு போடு. இந்த தபா அவ பக்கம் ஒரு ஆளு நிக்கட்டும்.

அருள்: மருமவன் கோச்சிகினா?

ஜெகதீசன்: கோச்சிகினா நல்லது. ஒரே டீமுன்னா சந்தோசம் மாமனாரேன்னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவான். எதிர் டீமுன்னாதான் ஒவ்வொரு கோலுக்கும் என்ன வம்புக்கு இழுப்பான். போன் பண்ணுவான். பண்ணட்டும்.

அருள்: போட்டாச்சி. 'நான் செக் அணி'… பாத்துட்டான் மாமா! டைப் பண்றான்.

அனுசுயா: இன்னா கத்தறீங்க? யாரு டைப் பண்றான்?

ஜெகதீசன்: அனுசுயா… இப்டி குந்து. திட்டாத. நான் போட்ட ரூல நானே ஒடச்சிட்டேன். மருமவனுக்கு மெசேஜ் போட்டேன். உங்கிட்ட மறச்சது தப்புதான்.

அனுசுயா: அய்யய்யோ… இன்னான்னு போட்ட?

ஜெகதீசன்: டீமு கேட்டுகீறான். செக்குன்னு போட்டேன்.

அனுசுயா: செக்கா!

ஜெகதீசன்: ஏன், தப்பா? மச்சான், பதில் வந்துடுச்சி பாரு, படி.

அருள்: 'மாமனாரே, எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கவி அழுகிறாள், நல்ல அழுகை. ஆனால் ஒரு குழப்பம். நீங்கள் பின்லாந்து அல்லவா? நேற்று உங்கள் வெற்றிக்கு நாங்கள் கை தட்டினோம்.'

ஜெகதீசன்: நானா? நான் எப்போ பின்லாந்து ஆனேன்?

அருள்: மாமா, ஆவடில ஒரு சவாரி கீது, நான் கெளம்பறேன்…

ஜெகதீசன்: குந்துடா! அனுசுயா, இவன் இன்னா ஒளர்றான்? நான் பின்லாந்துன்னு யாரு சொன்னா?

அனுசுயா: நீ ஷிப்டுக்குப் போனப்பால தெனம் கவிகிட்ட பேசறேன்யா… உன் நம்பரக் குடுத்ததும் நான்தான். நீ பதில் போடாம குந்திகினு இருந்தா உன் பாத்திரத்த யாரு கழுவறது? அதான் உன் பேருக்கு நானே பின்லாந்துன்னு சொல்லிட்டேன். நேத்து கேசரி எதுக்குன்னு காலண்டர்ல தேடுனியே… நேத்து நீ ஜெயிச்சய்யா.