கத்தாத போர்டு

கணினி ஒரு கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், ஐயா. பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் பார்வைக்கு மற்றவை போலவே இருக்கும். அவற்றின் வழியே ஓர் எழுத்துகூடப் போகாது.

அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. விபத்துக்குப் பிறகு அண்ணன் கழுத்துக்குக் கீழே அசைவற்றுக் கிடந்தான். மூச்சுக்கு ஒரு பழைய மெஷின். அதன் அலாரம் எப்போதோ செத்துவிட்டதால், குழாய் கழன்றால் கத்துவதற்கு நானே ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு செய்து மாட்டியிருந்தேன். அண்ணன் இருமினாலே குழாய் கழன்றுவிடும். போர்டு கத்தும், அண்ணி ஓடிவந்து செருகுவார். போகப் போகக் காரணமே இல்லாமலும் அது கத்தத் தொடங்கியது.

"தம்பி, சும்மா சும்மா கத்துதுப்பா. கண்ணை மூடினா போதும், உடனே ஆரம்பிச்சிடுது. கொஞ்சம் வந்து பாரேன்," என்றார் அண்ணி.

மதியம் போனேன். லேப்டாப்பை அண்ணனுக்குத் தெரியும்படி கட்டில் ஓரத்தில் வைத்தேன். இந்தப் பழுதுபார்க்கும் தொழிலை நாங்கள் சேர்ந்துதான் நடத்தினோம். திரையில் ஓடுவதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கேபிளை மாற்றியதும் கணினி போர்டைக் கண்டுகொண்டது. போர்டு அனுப்பிய எழுத்துகள் திரையில் கிறுக்கலாக வந்தன. அவை வரும் வேகத்தைச் சரியாக வைத்ததும் படிக்க முடிந்தது. கோளாறும் அகப்பட்டது. சென்சார் வயர் ஒன்று விட்டுப்போயிருந்தது. சால்டர் வைத்து ஒட்டினேன். பொய்ச் சத்தம் நின்றுவிட்டது.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

போர்டைக் கத்தச் சொல்லும் வரியை எடுத்துவிட்டுப் புரோகிராமைத் திரும்ப ஏற்றினேன். முதலில் ஏறவில்லை. திரையில் எழுத்துகளைக் காட்டும் ஜன்னலே இணைப்பைப் பிடித்துவைத்திருந்தது. அதை மூடிவிட்டு மறுபடி ஏற்றினேன். அவன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் செய்தேன். எனக்கென்று அதில் எதுவும் இல்லை.

"சரி பண்ணிட்டேன் அண்ணி. இனிமே தேவையில்லாம கத்தாது. நிம்மதியா படுங்க."

"நீ நல்லா இருப்பேப்பா," என்றார்.

மறுநாள் அவர் கண்ணயர்ந்திருந்தபோது குழாய் கழன்றது.

"அது கத்தித்தான் இருக்கும். நான்தான் செத்த பொணமாட்டம் தூங்கிட்டேன்," என்று இன்றுவரை அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிவந்தேன். அவர் தூக்கம் அவனைக் கொல்லவில்லை, ஐயா. நான் கொன்றேன்.

அந்தச் சத்தம் இப்போது எனக்குக் கேட்கிறது. எந்தக் கருவியைக் கணினியில் செருகினாலும் கேட்கிறது. எதையும் செருகாதபோதும் கேட்கிறது. இந்தப் போலீஸ் ஸ்டேஷன் அறையிலும்தான். உங்களுக்குக் கேட்கவில்லையா?

அண்ணன் சம்மதித்தானா என்கிறீர்கள். அவனுக்குப் பேச்சு ஏது? கண்தான். ஒருமுறை சிமிட்டினால் சரி. இருமுறை சிமிட்டினால் வேண்டாம். புரோகிராம் ஏறி முடியும்வரை திரையையே பார்த்து, இரண்டிரண்டாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தான். கண்ணில் ஏதோ தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டேன்.