இரண்டாவது விசில் வரும்வரை

என் பெயரையும் விலாசத்தையும் எழுத்தர் மேலே குறித்துக்கொண்டார். வயது நாற்பத்தொன்று. சிறுவர் மன்றத்தில் நீந்தவும் படகோட்டவும் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் 'விசில் அக்கா'. சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் என்பதால் பெயர் வேண்டாம், மன்றத்தில் கூப்பிடுகிறபடியே சொல்லலாம் என்று ஆய்வாளர் சொன்னார். ஒருத்தி ரேடியோ, வாய் மூடாது. மற்றவள் பூனை, தண்ணீர் என்றாலே ஆகாது. ரேடியோ வேண்டுமென்றே படகைக் கவிழ்த்தாள், பூனையை விடாமல் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தாள், மணிக்கட்டில் விரல் தடம் இருக்கிறது என்று பூனையின் அப்பா கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதன்பேரில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் மன்றத்தில் தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒரு விசில் ஊதினால், எங்கே இருந்தாலும் ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். நான் எல்லோரையும் எண்ணி முடித்த பிறகு இரண்டு விசில் ஊதுவேன். அதுவரை கையை விடக் கூடாது. மூக்கு அரித்தாலும் விடக் கூடாது என்று நானே கத்தியிருக்கிறேன். என் தொண்டை கொஞ்சம் பெரிசு, அதை மறைக்கவில்லை.

சம்பவத்தன்று காலை ஏரிக்கரையில் ஒவ்வொருவருடைய லைஃப் ஜாக்கெட் வாரையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ரேடியோவும் பூனையும் காய் விட்டிருப்பது தெரிந்தது. ரேடியோ சொன்ன ரகசியத்தைப் பூனை யாரிடமோ உளறிவிட்டாளாம். "அக்கா, இவகூட நான் போகமாட்டேன்" என்று ரேடியோ முரண்டு பிடித்தாள். கடைசி நேரத்தில் ஜோடியை மாற்றினால் யார் யாரைப் பார்ப்பது என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆகவே, "பேச வேணாம்டி, துடுப்பு போட்டா போதும்" என்று சொல்லி இருவரையும் ஒரே படகில் ஏற்றினேன்.

அதன் பிறகு நடு ஏரியில் பூனையின் துடுப்பு கை நழுவியது. அவள் பதறி எழுந்து அதை எட்டிப் பிடிக்கப் போனாள், படகு கவிழ்ந்தது. மன்றத்தின் பாதுகாப்புப் படகில் பக்கத்திலேயே இருந்த நான் இதை என் கண்ணால் பார்த்தேன். அப்போது ரேடியோ உட்கார்ந்துதான் இருந்தாள். உடனே விசில் ஊதினேன். மற்றப் படகுகளில் எல்லாக் கைகளும் ஜோடி ஜோடியாக உயர்ந்தன. கவிழ்ந்த படகின் அருகே ரேடியோவின் தலை மட்டும் மேலே வந்தது. என்னோடு படகில் இருந்த உதவியாளர் எறிந்த கயிற்றைப் பிடித்தாள். அதன் பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள், கயிற்றை விட்டாள், படகை நோக்கித் திரும்பிப் போனாள். "ஏய், கயித்தப் பிடி!" என்று உதவியாளர் தொண்டை கிழியக் கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு கையை மேலே தூக்கினாள். மற்றக் கை தோள்வரை படகுக்கு அடியில் இருந்தது.

அந்தக் கை போகிற இடத்தில்தான் பூனை இருக்கிறாள் என்று தெரிந்து அங்கேயே குதித்தேன். பூனையின் ஜாக்கெட் வார் இருக்கைக் கொக்கியில் மாட்டியிருந்தது. படகுக்குள் தங்கியிருந்த கொஞ்சம் காற்றில் முகம் மட்டும் வெளியே இருந்தது. ரேடியோ அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இடுப்புக் கத்தியால் வாரை அறுத்து, இருவரையும் சேர்த்தே இழுத்துக் கரையேற்றினேன். குதித்ததில் என் விசில் ஏரியோடு போய்விட்டது.

அதன் பிறகு ஆம்புலன்ஸிலும் ரேடியோ கையை விடவில்லை. பயத்தில் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில், "கைய விடும்மா, ஊசி போடணும்" என்று நர்ஸ் அதட்டினார். ரேடியோ என்னைப் பார்த்து, "ரெண்டு விசில் வரலையே அக்கா" என்றாள். குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"சண்டை தீந்துச்சாடி?" என்று கேட்டேன்.

"இல்ல. இன்னும் காய்தான். கையப் பிடிக்கிறது வேற" என்றாள்.

நான் பிள்ளைகள் முன்னால் அழுததில்லை. அன்று அழுதேன். விசாரணைக்கு வந்து வாசலில் நின்ற காவலரிடம் விசிலை இரவல் வாங்கி, வார்டுக்குள் மெதுவாக இரண்டு தடவை ஊதினேன். "இது ஆஸ்பத்திரியா, மைதானமா?" என்று நர்ஸ் சத்தம் போட்டார். ரேடியோ கையை விட்டாள். பூனையின் மணிக்கட்டில் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. புகாரில் சொல்லும் தடம் அதுதான். பூனை, "பழம்" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ரேடியோ.

பூனையின் அப்பா மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெற்ற மனம் பதறத்தான் செய்யும். பூனைக்கு அன்றைக்கே காய்ச்சல் கண்டுவிட்டது, நடந்ததைக் கேட்டாலே அழுகிறாள். சண்டை என்று யாரோ சொன்னதையும் தடத்தையும் சேர்த்து அவர் அப்படி நினைத்துவிட்டார். ஆனால் புகார் என்று கேள்விப்பட்டதிலிருந்து ரேடியோ வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவள் அம்மா சொல்கிறார். அந்த வாய் மூடிக் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை ஐயா.

எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன். தண்ணீரில் இழுத்தது நான். விடாமல் பிடித்தது அந்தப் பிள்ளை.

இதில் உள்ளது அத்தனையும் நான் கண்டது, கேட்டது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொன்னது. சரியென்று கண்டு கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்)