ஒன்பதாம் அத்தியாயம்

உங்கள் விசாரணை அறை அலமாரியில் என் புத்தகம் இருப்பதைப் பார்த்தேன், மதாம். சட்டப் புத்தகங்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிறது. முதுகில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை. யாராவது கிறிஸ்துமஸுக்குக் கொடுத்திருப்பார்கள். அதில் தவறில்லை. ஒயின் பற்றிய புத்தகங்களின் தலையெழுத்தே அதுதான். கொடுப்பவரும் படிப்பதில்லை, வாங்கிக்கொள்பவரும் படிப்பதில்லை. ஆனால் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்புக் கூடிவிடுகிறது.

காபிக்கு நன்றி. வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை போட நான் வரவில்லை. ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். என் மச்சான் கஸ்பார் வியெனோ இறந்த செய்தியைப் பத்திரிகையில் 'அனுபவசாலியின் கவனக்குறைவு' என்று தலைப்புப் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பு சரியில்லை.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்செல்ம் பெர்தோ. இதே திஜோன் நகரில் புவியியல் ஆசிரியராக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு மனைவி சொலாஞ் பிறந்த ஊருக்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, குடிபோனோம். அங்கேதான் 'கோப்பையைத் தொடும் முன்' எழுதினேன். ஒயினை அறிய விரும்பும் புதியவர்களுக்கான நூல். மண்ணில் தொடங்கி, சரிவு, மழை, வேர், இலை என்று படிப்படியாகப் போகும். முதல் நான்கு அத்தியாயங்களில் யாரும் எதையும் குடிப்பதில்லை. ஐந்தாவதில் முகர்கிறோம். அவசரப்படாத வாசகருக்கு அதில் மிகுந்த இன்பம் இருக்கிறது.

கஸ்பார் சொலாஞ்சின் அண்ணன். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. சொந்தத் தோட்டம், சொந்த நிலவறை. அவருடைய ஒயின் நன்றாகவே இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆளும் நல்ல ஆள். என் எதிரே உட்கார்ந்து நல்ல சிவப்பு ஒயினில் பனிக்கட்டி போட்டுக் குடிப்பார். அவருக்கு அது பிடிக்கும் என்பதற்காக இல்லை. என் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காக.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவருக்குத்தான் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து நிலவறைக்குப் போனபோது, ஆடிக்கொண்டிருந்த ஒரு பீப்பாயின் அடியில் அது முட்டுக்கொடுத்து இருந்தது.

"ரொம்ப உபயோகமான புஸ்தகம் மாப்ளே," என்றார். "நானும் எத்தனையோ கட்டைய வெச்சுப் பாத்துட்டேன். எதுவும் சரியா உக்காரல. உங்க கனம் யாருக்கும் வராது."

நானும் சிரித்தேன். உறவுக்குள் இதெல்லாம் சகஜம்.

பிறகு ஒதீல் வந்தாள். பாரிஸில் என் பதிப்பாசிரியர். இரண்டாம் பாகம் பற்றிப் பேச வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தேன். ஒவ்வொருவர் முன்னாலும் வெவ்வேறு வடிவத்தில் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தேன். கஸ்பார் சேற்றுக் காலணியோடு, பெயர்ச்சீட்டு ஒட்டாத ஒரு பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடவே தன் நாயையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஒதீல் என்னிடம் கேட்டாள்: "இதுல என்னென்ன வாசனை வருது, சொல்லுங்களேன்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "செர்ரி. மழை பெய்ஞ்ச கல்லு. அப்புறம் லேசா, ரொம்ப லேசா, ஈரமான பழைய தோலு."

"அது நாய் மாப்ளே," என்றார் கஸ்பார். "உங்க காலடியிலதான் படுத்திருக்கு."

ஒதீல் கைக்குட்டையைத் தேடும் அளவுக்குச் சிரித்தாள். அன்று இரண்டாம் பாகம் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த வசந்தத்தில் கஸ்பாரின் புத்தகம் வந்துவிட்டது. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை, மதாம். அவர் பேசினார், ஒதீல் பதிவு செய்து எழுதிக்கொண்டாள். கைக்கு அடக்கமான புத்தகம். பெயர் 'ஊத்து'. ரயில் நிலையங்களில் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்கள்.

அதில் நானும் வருகிறேன். 'என் மாப்பிள்ளை கோப்பையை முகர்ந்து முடிப்பதற்குள் ஒயினுக்கு வயதாகிவிடும். என் தங்கையைக் கல்யாணத்துக்குக் கேட்கவும் இப்படித்தான் நேரம் எடுத்துக்கொண்டார். அவள் நல்ல ரகம், அதனால் புளிக்கவில்லை.' இப்படிப் போகிறது. வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நீங்கள் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டதைக் கவனித்தேன், பரவாயில்லை.

சனிக்கிழமைகளில் நகரசபைக் கூடத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பது வழக்கம். அந்தக் கோடையிலிருந்து அவர்கள் 'ஊத்து' புத்தகத்தோடு வர ஆரம்பித்தார்கள். "நீங்கதானே அந்த மாப்பிள்ளை?" என்று கேட்டு, என்னைப் பற்றிய பக்கத்தைத் திருப்பி நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதையும் என் வழக்கமான அழகான கையெழுத்தில்தான் போட்டேன்.

அப்புறம் ஒதீல் தொலைபேசியில் கூப்பிட்டாள். 'கோப்பையைத் தொடும் முன்' மறுபதிப்பு வராதாம். ஆனால் 'ஊத்து' அடுத்த அச்சுக்குப் போகிறது, அதன் கடைசியில் கடினமான சொற்களுக்கு விளக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். கஸ்பார் ஒவ்வொன்றுக்கும் கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துவிட்டார். துவர்ப்பு: வாயை இழுத்துச் சுருங்கவைப்பது. எடுத்துக்காட்டு, என் மாப்பிள்ளை.

சொலாஞ் அதைப் படுக்கையில் வைத்துப் படித்தாள். எனக்குத் தெரியக் கூடாது என்று சத்தத்தை அடக்கிக்கொண்டாள். ஆனால் மெத்தை குலுங்கிக்கொண்டே இருந்தது. என் புத்தகத்தை முழுவதும் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள். அப்போது மெத்தையோ நாற்காலியோ எதுவும் குலுங்கியதாக எனக்கு ஞாபகமில்லை.

இதையெல்லாம் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னணி தெரியாமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கொள்கை. அதனால் சொல்கிறேன்.

இனி நிலவறைக்கு வருகிறேன். திராட்சைச் சாறு தொட்டியில் பொங்கும்போது கரியமில வாயு வெளிவரும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இருக்காது. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளமான இடத்தில் தண்ணீர்போலத் தேங்கி நிற்கும். தெரியாமல் இறங்குகிறவன் மூச்சுத் திணறுகிறது என்று உணர்வதற்குள் விழுந்துவிடுவான். கஸ்பாரின் நிலவறை ஆழமானது. அங்கே காற்றை வெளியே தள்ள ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் இறங்குவதற்கு முன் ஏற்றிய மெழுகுவத்தியை முன்னால் தாழப் பிடித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது. இது என் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் விரிவாக இருக்கிறது. 'ஊத்து' புத்தகத்தில் இது பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வித்தியாசத்தை யாரும் சுட்டிக்காட்டவில்லை என்பது எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

அறுவடைக் காலத்தில் நான் தினமும் காலையில் போய்த் தொட்டிகளின் வெப்பம் பார்த்துச் சொல்வேன். அன்றைக்கு முந்தைய இரவு இடி மழை. மின்சாரம் போயிருந்தது. நான் போனபோது மழை விட்டிருந்தது, விசிறி ஓடவில்லை. கஸ்பார் இன்னும் வரவில்லை. வாசலில் இருந்த மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று படி இறங்கிக் கையைத் தாழ்த்தினேன்.

அணைந்துவிட்டது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் நான் எழுதியிருந்தது அப்படியே நடந்தது, மதாம். சுடர் முதலில் திரியைவிட்டு மேலே எழும்புவதுபோல நீண்டது. பிறகு யாரோ விரலால் கிள்ளி எடுத்ததுபோல இல்லாமல் போனது. எழுதியவனுக்கு அதைவிட நிறைவு வேறென்ன வேண்டும். மேலே வந்து மெழுகுவத்தியை அதன் இடத்தில் வைத்தேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

கஸ்பார் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். ஒரு கையால் தோளில் பிடித்த ரப்பர்க் குழாய்ச் சுருள், இன்னொரு கையில் பம்பு. படி இறங்கினார். கொஞ்ச தூரம் பாட்டுக் கேட்டது. பிறகு பாட்டு நின்றது. பம்பு கல்லில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். மழைக்குப் பிறகு காற்று சில்லென்று இருந்தது. தொட்டி பொங்கும் நேரத்தில் குளிர்காற்று படக் கூடாது. அது ஆறாம் அத்தியாயம்.

நான் கீழே இறங்கவில்லை. விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார், வெளியிலிருந்து உதவிக்கு அழைப்பதே முறை என்று நானேதான் எழுதியிருக்கிறேன். அழைக்கவும் செய்தேன். சற்றுப் பொறுத்துத்தான் அழைத்தேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளாமல் தொலைபேசியை எடுக்கும் பழக்கம் எனக்கில்லை. தீயணைப்புப் படைத் தலைவர் என் தோளைத் தட்டி, "நீங்க எறங்காம இருந்தீங்களே, அதுவே பெரிய விஷயம் சார். பதட்டத்துல எல்லாரும் எறங்கிடுவாங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்," என்றார். அந்த நிலையிலும் அது கேட்க நன்றாக இருந்தது.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. சொலாஞ் 'ஊத்து' புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்தபடியே அழுதார்கள். மண் வளம் பற்றிய அத்தியாயத்தை என் அடக்கத்தில் யாரும் வாசிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் சங்கடம் தொடங்கியது. ஒதீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நினைவுப் பதிப்பு கொண்டுவரப்போவதாகச் சொன்னாள். "கடைசி பக்கம் நீங்கதான் எழுதணும். கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் அவரு எப்படி மெழுகுவத்திய மறந்தாருன்னு எழுதுங்க. படிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கையா இருக்கும்."

மகிழ்ச்சியோடுதான் உட்கார்ந்தேன். 'கஸ்பார் மறந்துவிட்டார்' என்று எழுதினேன். அடித்தேன். 'படிக்கும் பழக்கம் இல்லாததால் ஆபத்தை அறியவில்லை' என்று எழுதிப் பார்த்தேன். அப்போது சொலாஞ் பின்னால் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணன் மறக்கவே மாட்டாரு ஆன்செல்ம்," என்றாள். "எங்க சித்தப்பா அந்த நெலவறையிலதான் செத்தாரு. அப்ப அண்ணன் சின்னப் பையன், பாத்துக்கிட்டு நின்னவரு. அதுலேருந்து ஒரு நாள்கூட வெளக்கு புடிச்சுப் பாக்காம எறங்கினதில்ல. குடிச்சிருந்தாலும் பாப்பாரு. நீங்க அங்கதானே இருந்தீங்க. அன்னிக்கி மட்டும் ஏன் பாக்கல?"

காகிதத்தைப் பார்த்தேன். நான் எழுதியது தவறு. ஒயினைப் பற்றி என் பெயரில் வந்த எந்தப் பக்கத்திலும் இதுவரை ஒரு தகவல் பிழை இருந்ததில்லை, மதாம். முப்பது பிழை இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அவை அச்சுப்பிழைகள். இந்தப் பக்கத்தை என்னால் அப்படி விட முடியவில்லை. காலையில் ரயில் ஏறி உங்களிடம் வந்துவிட்டேன்.

ஆகவே திருத்தத்தை இப்படி எழுதிக்கொள்ளுங்கள். கஸ்பார் வியெனோ மறக்கவில்லை. கவனக்குறைவாகவும் இல்லை. இரண்டு கையிலும் சுமை இருந்ததால் வாசற்படியில் நின்று, பாட்டை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, மெழுகுவத்தி புடிச்சுப் பாத்தீங்களா? எறங்கலாமா?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் ஒயின் தொழிலில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேலி இல்லை. கண்சிமிட்டல் இல்லை. தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒரு நல்ல மாணவனைப்போல நின்றார். ஆசிரியராக இருந்த எவருக்கும் அந்த நிமிஷத்தின் சந்தோஷம் புரியும். அந்தச் சந்தோஷத்தில்தான், வேறெந்த எண்ணமும் இல்லாமல்தான், நான் சொன்னேன்:

"பாத்துட்டேன் மச்சான். நல்லா நின்னு எரியுது. நீங்க எறங்குங்க."