பாக்கெட்டுக்குள்ளே ரெண்டு கை

லைட்டு: அந்த ஸ்டாண்டு சாயுது...

ட்ராலி: கையைப் பாக்கெட்ல போடு முதல்ல.

லைட்டு: சாயுதுங்க.

ட்ராலி: சாயட்டும். நீ தொட்டா உன் வேலை சாயும். போடு உள்ள... ரெண்டு கையும்.

லைட்டு: போட்டாச்சு. கட்டின பொண்டாட்டிய கைதி மாதிரி நிக்க வச்சிருக்கீங்க.

ட்ராலி: நானா வச்சேன்? அந்தத் தாடிக்காரர்தான் வச்சாரு.

லைட்டு: வண்டி தள்ளற உங்க கிரிப் கூட்டத்துக்குப் பெரியவர்னா எனக்கென்ன? அந்தத் தாடியில ஒரு குருவி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, பேரன் பேத்தி எடுக்கலாம். ஒரு துணியத் தொட்டதுக்கு மனுஷனுக்கு அவ்வளவு கோவமா?

ட்ராலி: மெதுவாப் பேசேன்.

லைட்டு: யாரு இருக்கா இங்க? ஷூட்டிங் கூட்டம் மொத்தமும் சாப்பிடப் போயாச்சு. எரியற லைட்டைத் தனியா விடக் கூடாதுன்னு நான் காவல். நீங்க பரீட்சை எழுதறீங்க. மிச்சம் ஒரு கட்டிலு, ஒரு தலையணை, ஒரு கேமரா.

ட்ராலி: ...ஆமா. யாரும் இல்ல.

லைட்டு: என் தொப்பிய எதுக்குத் தலையணை மேல வச்சிருக்கீங்க?

ட்ராலி: அதுதான் சீன்ல படுத்திருக்கிற அம்மா. அவங்க மூஞ்சில வெளிச்சம் இருக்கணும். பின்னாடி செவுத்துல இருக்கக் கூடாது. சாப்பாடு முடியறதுக்குள்ள வெளிச்சத்தை மறைக்கிற இந்தக் கட்டரைப் போட்டுக் காட்டணும்.

லைட்டு: இதெல்லாம் ஒரு பரீட்சையா? நான் தூக்கத்துல போடுவேன்.

ட்ராலி: நீ போடுவ. பதினெட்டு வருஷமா வேற என்ன பண்ணின? நான் கேமரா வண்டியத் தள்ளினவன். இந்தக் கறுப்புத் துணி பக்கம் திரும்பிக்கூடப் பாத்ததில்ல.

லைட்டு: அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. லைட்டுக்கு நிழல் கட்டறது லைட்காரி வேலைதானே?

ட்ராலி: நம்ம ஊர்ப் படத்துல. இங்க படம் எடுக்க வந்திருக்கிற இவங்க நாட்டுல, லைட் ஆளுங்களுக்கு லைட்டும் ஒயரும்தான். துணி, கட்டர், ஸ்டாண்டு, மணல் மூட்டை... எல்லாம் கிரிப்புக்கு.

லைட்டு: போன வருஷம் வந்தவங்களும் வெளிநாடுதானே? அவங்ககிட்ட கட்டர் என்கிட்ட இருந்தது, வண்டி உங்ககிட்ட இருந்தது. நம்மள மாதிரியே.

ட்ராலி: அது வேற நாடு, இது வேற நாடு. வீட்டுக்கு வீடு வாசப்படி.

லைட்டு: அந்த வாசப்படியிலதான் முதல் நாளே தடுக்கி விழுந்தேன். செவுத்துல வெளிச்சம் வழியுதேன்னு, பழக்க தோஷம்... போயி கட்டரை நட்டேன். இன்னொரு தடவை தொட்டா வீட்டுக்குப் போலாம்னு முப்பது பேருக்கு முன்னாடி சொல்லிட்டாங்க.

ட்ராலி: உனக்காவது தொட்டதுக்குத் திட்டு. மறுநாள் நான் தொடாம வாங்கினேன். நீ வந்து போடுவேன்னு வண்டி மேல சாஞ்சு நின்னேன் பாரு...

லைட்டு: ஒரு துணிக்காக பத்து நிமிஷம் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நின்னோம். எனக்குக் கை அரிச்ச அரிப்பு இருக்கே!

ட்ராலி: சரி, இப்பச் சொல்லு. ஸ்டாண்டுல கட்டரைப் பிடிக்கிற இந்தக் கை இப்படிப் போனா சரியா?

லைட்டு: நான் எதுக்குச் சொல்லணும்? லைட்காரி ஆச்சே நான்.

ட்ராலி: பிகு பண்ணாத.

லைட்டு: ஹ்ம்... கை வைக்கக் கூடாதுன்னுதான் சட்டம். வாய் வைக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. அந்த ஸ்டாண்டுல மூணு காலுல எது உசரம்?

ட்ராலி: இது.

லைட்டு: மேல கை எந்தப் பக்கம் நீளுதோ, அந்தக் காலும் அதே பக்கம் வரணும். திருப்புங்க. மூட்டைய அது மேல... தரையில இல்லைங்க, காலு மேல. தரைய யாரும் திருடிட்டுப் போகப் போறதில்ல.

ட்ராலி: வச்சாச்சு. செவுறு இருட்டாயிடுச்சு பாரு.

லைட்டு: இருட்டாச்சு, ஆனா கோடு கத்தியால வெட்டின மாதிரி இருக்கே. பாக்கறவங்களுக்கு அங்க ஏதோ துணி நிக்குதுன்னு தெரிஞ்சிடும். கட்டரை லைட்டு பக்கம் கொண்டாங்க.

ட்ராலி: பக்கம் போனா கோடு இன்னும் கூர்மையாகாது?

லைட்டு: ஐயோ, உங்களக் கட்டிக்கிட்டு... உள்ளங்கைய செவுத்துக்குப் பக்கத்துல காட்டுங்க. விரல் விரலாத் தெரியுதா? இப்ப லைட்டுக்குப் பக்கத்துல காட்டுங்க. மங்குதா?

ட்ராலி: அட, ஆமா.

லைட்டு: அவ்வளவுதான். ஒரு முழம் தள்ளுங்க. போதும் போதும், துணி கருகும். இப்ப ரெண்டு விரல் கீழ. உங்க விரல் இல்ல, என் விரல்.

ட்ராலி: இப்ப?

லைட்டு: கொஞ்சம் நகருங்க, மறைக்குது.

ட்ராலி: என்ன, சரியா வந்துதா?

லைட்டு: நல்லா இருக்கு. நேத்து மாதிரியே இருக்கு.

ட்ராலி: நேத்து மாதிரி. ம்... நேத்து டீ வேளையில நான் வச்ச கட்டர், திரும்பி வந்து பாத்தா ஒரு சாண் தள்ளி இருந்தது. தாடி எல்லாரையும் கூப்பிட்டு, இவனுக்கு நல்ல கைன்னு சொன்னாரு. அதனாலதான் இன்னிக்கு இந்தப் பரீட்சையே.

லைட்டு: காத்துல திரும்பியிருக்கும்.

ட்ராலி: மூடின ரூம்ல?

லைட்டு: ஃபேன் ஓடுச்சு.

ட்ராலி: அந்தக் காத்து போகும்போது மணல் மூட்டையையும் காலு மேல தூக்கி வச்சிட்டுப் போச்சா?

லைட்டு: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? பரீட்சையில பாஸாகுங்க. இவங்க அடுத்து நாலு மாசம் வேற நாட்டுக்குப் போறாங்க. கிரிப்புல ஒருத்தர், லைட்டுல ஒருத்தர் கூட்டிட்டுப் போவாங்களாம். லைட்டுக்கு என்னைக் கேட்டாச்சு. நீங்களும் வந்தா...

ட்ராலி: வரலேன்னா?

லைட்டு: வருவீங்க. உங்களுக்குக் கடைசியா வண்டி வேலை கிடைச்சு ஒரு வருஷமாகப் போகுது. கேமராவக் கையில தூக்கிட்டு ஓடறாங்க, இப்ப யாரு தண்டவாளம் போடறா? வீட்ல சும்மா உக்காந்து கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டீங்களே... அதைப் பாக்க முடியல எனக்கு.

ட்ராலி: நல்ல கீல்தான். கிறீச்சுன்னு சத்தம் வந்தா போட வேண்டாமா?

லைட்டு: சத்தமே வரலீங்க.

ட்ராலி: ...இங்க பாரு. காலையில நான் தாடிகிட்ட போயிச் சொல்லிட்டேன். நேத்து அந்தக் கட்டர் என் கை இல்ல, அவ கைன்னு.

லைட்டு: என்னது?

ட்ராலி: கையை உள்ள போடு.

லைட்டு: காட்டிக் குடுத்தீங்களா என்னை? தொட்டா வேலை போயிடும்னு தெரிஞ்சும்?

ட்ராலி: உனக்கு வர வேண்டிய பேரை நான் வாங்கிட்டு நாலு மாசம் எப்படி நிப்பேன்? அங்க போயி தினம் ஒரு காத்து வீசுமா?

லைட்டு: போச்சு. எல்லாம் போச்சு. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல.

ட்ராலி: உனக்கென்ன? அதான் லைட்டுல கேட்டாங்களே.

லைட்டு: வேண்டாம்னு சொல்லிட்டேன்.

ட்ராலி: எப்ப?

லைட்டு: முந்தாநேத்தே. அவரில்லாம வரமாட்டேன்னு. உங்களுக்குக் கிடைச்சப்புறம் போயி மறுபடி கேட்டுக்கலாம்னு... சிரிக்காதீங்க.

ட்ராலி: சிரிக்கல. உங்க லைட்டுப் பெரியவர் அதை எனக்கு நேத்தே சொல்லிட்டாரு. அப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்தது.

லைட்டு: அப்ப இந்தப் பரீட்சை எதுக்கு? என் தொப்பி எதுக்குத் தலையணையில? வண்டிக்காரருக்குக் கட்டர் வேலை போனா, அப்புறம் என்ன இருக்கு?

ட்ராலி: வண்டி இருக்கு. இவங்க வண்டிக்காரரு பொண்டாட்டிக்குப் பிரசவம்னு ஊருக்குப் போறாரு. அந்த இடம் எனக்கு, காலையிலயே சொல்லிட்டாங்க.

லைட்டு: அப்ப இந்தக் கட்டரை அங்க யாரு போடுவா?

ட்ராலி: அந்தக் கேமராவுல சிவப்பா ஒரு புள்ளி எரியுது பாரு... சாப்பாட்டு மணி அடிச்சதுலேருந்து எரியுது. பரீட்சை உனக்குத்தான், தாடி பக்கத்து ரூம்ல உக்காந்து பாத்துட்டிருக்காரு. கையே வைக்காம என்னை மாதிரி மண்டூகத்தையே போட வச்சுட்டா, கிரிப்புல அந்தக் கட்டர் போடற இடம் அவளுக்குன்னு சொன்னாரு. பேசறதப் புரிஞ்சுக்க மொழிபெயர்க்கிற பொண்ணும் கூட இருக்கு, அந்தக் குருவிக் கூட்டை மட்டும் அது முழுங்கியிருந்தா நம்ம அதிர்ஷ்டம். இப்பக் கையை வெளிய எடு... போயி நீயே ஒரு விரல் சரி பண்ணு, எனக்கு இன்னும் கொஞ்சம் கோணலாத்தான் தெரியுது.