குட்டைக் கயிறு

நடுப்பகல். வெயில் உச்சந்தலைக்கு நேர் மேலே நின்ற நேரம். ஆமாம், பகல்தான். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? இருட்டில் எதையாவது பார்த்தால் கண் மயக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் பார்த்ததற்கு என்ன சொல்வது... விளக்கை அணைத்தது அணைத்தபடியே இருக்கட்டும். அந்த மூலையில் கிசுகிசுப்பவர்கள் கொஞ்சம் வாயை மூடுங்கள். இதை நான் ஒரு தடவைதான் சொல்வேன்.

ஊரை விட்டு விலகிப் போகும் ஒரு சாலை. இரண்டு பக்கமும் முள். எதிரே வண்டி இல்லை, ஆள் இல்லை, ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லை. அதில் ஒரு கழிவுநீர் லாரி மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் என் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரர். அவன் அத்தான் என்று கூப்பிடுவான். நாமும் அத்தான் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அவருடைய கூட்டாளி. பட்டப்பெயர் ரேடியோ. வாய் ஓயாது, அதனால் வந்த பெயர். தூக்கத்தில்கூட யாரிடமாவது நியாயம் கேட்டுக்கொண்டிருப்பானாம்.

தொட்டியோ குழியோ, குழாயை உள்ளே விட்டு இருப்பதை உறிஞ்சி எடுப்பது இவர்கள் தொழில். குழாய் அடைத்துக்கொண்டால் ஒருவர் இறங்க வேண்டும். இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் போட்டவர் வந்து அடைப்பை எடுத்துவிடப் போவதில்லை.

அதனால் இவர்களாக இரண்டு பழக்கம் வைத்திருந்தார்கள். இறங்கியவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் மேலே இருப்பவன் கயிற்றை இழுக்க வேண்டும். அது ஒன்று. இன்னொன்றுதான் முக்கியம்... மேலே நிற்பவனை லாரியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். குட்டைக் கயிறு. குழியின் வாய்க்கு மூன்றடி முன்னாலேயே இழுத்து நிறுத்திவிடும். முடிச்சு முதுகில், தன் கை தனக்கு எட்டாத இடத்தில். கத்தி, கத்தரி எதுவும் கிட்டே வைத்துக்கொள்ளக் கூடாது. ஏன் தெரியுமா? உள்ளே ஒருத்தன் விழுந்தால் மேலே நிற்பவன் நிற்க மாட்டான். குதித்துவிடுவான். செத்துப்போவோம் என்று தெரிந்தே குதிப்பான். இந்தத் தொழிலில் முதலில் விழுந்து செத்தவர்களைவிட, பின்னாலேயே தூக்கப் போய்ச் செத்தவர்கள்தான் அதிகம் என்பார் அத்தான்.

அக்காவுக்கு அப்போது ஏழு மாசம். வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியம் வாங்கியிருந்தாள், எந்தக் குழியிலும் இறங்குவதில்லை என்று. அதனால் எப்போதும் ரேடியோதான் இறங்குவான். எனக்கென்ன, பிள்ளையா குட்டியா என்பான்.

அன்றைக்குப் போன இடம் மூடிக் கிடந்த காகித ஆலை. யாரோ புதிதாக வாங்கியிருந்தார்கள். பின்கட்டில் கூழ் தேங்கும் குழி ஒன்று, இரும்பு மூடி போட்டது. காலி செய்து கொடுத்துவிடுங்கள் என்றார்களே தவிர, அந்தக் குழியில் என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆலை ஓடிய காலத்தில் ஒரு வேலையாள் அதில் வழுக்கி விழுந்தான். தூக்க ஒருவர் இறங்கினார். அவரைத் தூக்க இன்னொருவர். அவரைத் தூக்க மற்றொருவர்... நாலு பேர். ஒருத்தனும் மேலே வரவில்லை. ஆலை மூடியது அதற்குப் பிறகுதான்.

மூடியைத் தூக்கினார்கள். அடியில் மழைத் தண்ணீர்தான் தெரிந்தது. வாடையே இல்லை. ரேடியோ அத்தானின் முதுகில் முடிச்சைப் போட்டான். தன் இடுப்பில் நீளக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்த கதையை ஆரம்பித்தபடியே ஏணிப்படியில் இறங்கினான்.

குழாய் முனையை ஒரு பழைய சாக்கு அடைத்திருந்தது. அதை உருவும்போது அடிச் சேறு கலங்கியது. அழுகின முட்டை வாடை குப்பென்று மேலே வந்தது. மேலே வாடா என்று அத்தான் கத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த வாடை சட்டென்று நின்றது... இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது வாடைக்கு இல்லை. வாடை நின்றால்தான். காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

அத்தான் கயிற்றில் கை வைத்தார். ஆனால் பேச்சு நிற்கவில்லை. கணீரென்று வந்துகொண்டிருந்தது.

"மாப்ளே, இங்க ஒருத்தன் கிடக்கான்டா... உசுரு இருக்கு."

பல வருஷமாக மூடிக் கிடந்த குழி. விட்டுவிட்டு மேலே வா என்று அத்தான் தொண்டை கிழியக் கத்தினார்.

"எப்படிடா வர்றது? என் கையைப் புடிச்சிக்கிட்டிருக்கான். யாரு எவருன்னு தெரியாது, இருக்கட்டும்... புடிச்ச கையை எப்படிடா உதறுறது?"

இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அந்த ஆளுக்குக் கட்டிவிட்டதாகச் சொன்னான். இழு என்றான். அத்தான் இழுத்தார். கனம்... நல்ல ஆள் கனம். கயிறு குழி விளிம்பில் கிறீச் கிறீச்சென்று தேய்ந்தது. வாய் வரைக்கும் வந்த கனம் பொட்டென்று போய்விட்டது. அத்தான் மல்லாந்து விழுந்தார். எழுந்து பார்த்தால் ஒரு மார்பைச் சுற்றிக் கட்டிய அளவில் கயிற்று வளையம் கிடந்தது, முடிச்சு அவிழாமல். உள்ளே ஆள் இல்லை.

"வந்துட்டானா?" என்றது கீழே இருந்து குரல். "கயித்தைப் போடு. இன்னொருத்தன் இருக்கான்."

போட்டார். ஏன் போட்டீர்கள் என்று சிநேகிதன் பிற்பாடு கேட்டிருக்கிறான். அடுத்த தடவையாவது அந்தப் பாவி தன் இடுப்பில் கட்டிக்கொள்ள மாட்டானா என்றுதான் போட்டேன் என்றாராம். நாலு தடவை போட்டார். நாலு தடவையும் ஆள் கனம் ஏறி வந்தது. நாலு தடவையும் வெறும் வளையம்.

அப்போதுதான் தரையைப் பார்த்தார். காய்ந்த சிமென்ட் தரை, கால் வைத்தால் பொத்துப்போகும். அதில் குழி வாயிலிருந்து ஈரக் கால்தடங்கள். வெறுங்கால். பின்னால் இருந்தவை வெயிலில் காய்ந்து மறைய மறைய, முன்னால் புதிதாக விழுந்துகொண்டே வந்தன... அவரை நோக்கி. அவரைச் சுற்றிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டன.

குழிக்குள் பேச்சு நின்றது.

நடுவாக்கியத்தில், ரேடியோப் பெட்டியை அணைத்தாற்போல நின்றது. அத்தான் கயிற்றை வீசினார். யாரும் பிடிக்கவில்லை. ரேடியோவின் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குழி வாய் மூன்றடியில் இருந்தது. கட்டியிருந்த கயிறு விலாவை அறுத்தது. என்னை விடுங்களேன், என்னை விட்டுவிடுங்களேன் என்று வெட்கமில்லாமல் அழுதாராம், யாரிடம் என்று தெரியாமலேயே. அக்கா, சத்தியம், வயிற்றுப் பிள்ளை... ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன் என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறார்.

முதுகில் ஈரமான விரல்கள் பட்டன. ஒரு கை இல்லை, பல கை. பொறுமையாக, பழகினவர்கள் போல, முடிச்சை அவிழ்த்தன.

அவர் இறங்கினார். நாலைந்து படி இறங்கியதும் மூக்கு செத்தது. சேற்றுக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது. பிடித்தார். அந்தக் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது லாரி நிழலில் கிடந்தார். மார்பைச் சுற்றிக் கயிறு, இரண்டு அக்குளும் கன்றிப்போயிருந்தன. யாரோ இழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுற்றுமுற்றும் ஒரு ஈ காக்கை இல்லை. அவனையும் தூக்குங்கள் என்று அந்த வெயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கயிறு அசையவில்லை. தவழ்ந்து போய் லாரியில் இருந்த போனை எடுத்தார்.

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி ரேடியோவை மேலே கொண்டுவந்து கிடத்தினார்கள். விஷவாயு கிளம்பியபின் இரண்டு மூச்சுகூடத் தாங்கியிருக்க மாட்டார் என்றார்கள். அவ்வளவு நேரம் தன்னோடு பேசியது யார் என்று அத்தான் யாரிடம் போய்க் கேட்பது? கூட்டாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பேசுடா, ஏதாவது பேசுடா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து தீயணைப்பு ஆட்கள் வண்டிப் பக்கம் போனார்கள். அவர்களில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர் மட்டும், முகமூடியைக் கழற்றிவிட்டு, இரும்பு மூடியைத் தள்ளிக்கொண்டு குழி அருகே போனார். மூடப் போனவர் நின்றார். குனிந்து காது கொடுத்தார். அத்தானுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மடியில் கிடந்தவனின் தலை கனத்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

மீசைக்காரர் முழங்காலிட்டார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்.

"வந்துட்டேன்... பயப்படாதே. கையை நீட்டு, நான் பிடிச்சுக்கறேன்."

போகாதீர்கள் என்று கத்த வாயைத் திறந்தார் அத்தான், குரல் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீசைக்காரர் வலது கையைக் குழிக்குள் நீட்டினார். அந்தத் தோள் சட்டென்று கீழே இறங்கியது, எதிர்பார்த்ததைவிடக் கனமான வாளியைத் தூக்கினால் இறங்குமே, அப்படி. இடது கையால் ஏணிப்படியைத் தேடிப் பிடித்தார்.