மேடைக்கு ஏழு படி

வேதப் புத்தகத்தை மூடி மடியில வைங்க. ஒரு சின்னக் கதை சொல்றேன்... சின்னதுதான், பயப்படாதீங்க! பின்னாடி பெஞ்சுல சிரிக்கிறாங்க பாருங்க, என் கதையோட நீளம் தெரிஞ்சவங்க.

புளியந்தோப்புல அமலதாஸ்னு ஒருத்தர். நாங்க தாஸண்ணேன்னு கூப்பிடுவோம். ஃபுட்பால் ஆடுறவர். என்ன இடம்? நடு மைதானம். மிட்ஃபீல்டர். கோல் போடுறவன் பேரு பேப்பர்ல வரும். கோலைத் தடுக்குறவன் போட்டோ வரும். நடுவுல ஓடுறவனுக்கு என்ன வரும்? மூச்சு வாங்கும், அவ்வளவுதான்! நம்ம வீட்டு அம்மாக்கள் மாதிரி. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள் படுத்துட்டாதான் வீடு நின்னுபோனது நமக்குத் தெரியும்.

தாஸண்ணே ஒரு பெரிய கம்பெனி டீமுக்கு ஆடினார். பேர் வேணாம். ஆறு வருஷமா தற்காலிக வேலை. வீட்டுல ரெஜினா அக்கா, ரெண்டு பிள்ளைங்க. வேலை நிரந்தரமானா போதும்... அது ஒண்ணுதான் அந்த வீட்டு ஜெபம்.

ஃபைனலுக்கு நாலு நாள் முன்னாடி வலது முட்டி பிசகிடுச்சு. தேங்காய் கணக்கா வீக்கம். கம்பெனி டாக்டர் பார்த்துட்டு, "ஆறு வாரம் காலை ஊனக் கூடாது"ன்னுட்டார். சாயங்காலமே டீம் மேனேஜர் வீட்டுக்கு வந்துட்டார். "தாஸு, கப்பு ஜெயிச்சா உனக்கு நிரந்தர வேலை ஆர்டர். மேலிடத்துல பேசிட்டேன். நீ ஓடவே வேணாம்பா... சும்மா நடுவுல நில்லு."

சும்மா நிக்கிற மிட்ஃபீல்டர்! எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

ஃபைனல் அன்னிக்கு அதே டாக்டர் ஊசி போட்டார். இடைவேளையில இன்னொரு ஊசி. வலி போச்சு. முட்டி சரியாச்சா? இல்ல. வலிதான் போச்சு. கடைசிப் பத்து நிமிஷம்... தாஸண்ணே நொண்டுறார். இடுப்புல கை வச்சுக் குனிஞ்சு நிக்கிறார். கேலரியில நாங்க என்ன பண்ணோம்? எனக்குப் பதினெட்டு வயசு. எழுந்து நின்னு தட்டினோம். "தாஸு! தாஸு!" அவர் நிமிர்ந்து பார்த்தார்... கையைத் தூக்கினார்... ஓடினார்! ஒரே ஒரு பாஸ். பந்து வலைக்குள்ள. கோல் போட்டவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரே போகுது. நடுவுல புல்லுல ஒரு மனுஷன் முட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறார். நான் திரும்பிக்கூடப் பார்க்கலை.

ஆர்டர் வந்துச்சு. மேனேஜர் பொய் சொல்லலை. அடியில ஒரு வரி இருந்துச்சு... மருத்துவத் தகுதிச் சான்று வேணுமாம். யார்கிட்ட போகணும்? அதே டாக்டர்! முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், பேனாவை எடுத்தார். 'தகுதி இல்லை.'

"சார்... நீங்கதானே சார் ஊசி போட்டு ஆட விட்டீங்க?"

"அது வேற தாஸ். அது மேட்ச். இது வேலை."

ஆமென் சொல்லாதீங்க. கேளுங்க.

அப்புறம் இருபது வருஷம் ஒரு ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் ஆபரேட்டர். ஸ்டூல்ல உட்கார்ந்த வேலை. ஜனங்களை எட்டாவது மாடிக்கு ஏத்திவிட்டவர், சாயங்காலம் மூணாவது மாடியில இருந்த தன் வீட்டுக்குக் கைப்பிடியைப் பிடிச்சு முக்கால் மணி நேரம் ஏறுவார்.

தாஸண்ணே முதல்ல ஆடின எங்க புளியந்தோப்பு கிளப்புக்குப் பொன்விழா வந்துச்சு. பழைய ஆட்டக்காரர்களுக்குப் பொன்னாடை. மேடையில மைக் யார் கையில? என் கையில. தாஸண்ணே கைத்தடியோட வந்தார். மேடைக்கு ஏழு படி. பிடிக்கக் கம்பி கிடையாது. ரெஜினா அக்கா கிட்ட வந்து மெதுவா சொன்னாங்க: "பிரதர், அவரால ஏற முடியாது. நீங்க கீழ வந்து போட்டுடுங்களேன்."

நான் என்ன சொன்னேன்? "என்னக்கா நீங்க! மேடையில போட்டாதானே மரியாதை? போட்டோ வர வேணாமா?" சொல்லிட்டு மைக்குல கத்தினேன்... "நம்ம தாஸண்ணே வர்றார்! பலமா கை தட்டுங்க!"

கூட்டம் எழுந்துச்சு. "தாஸு! தாஸு!" அவர் நிமிர்ந்து பார்த்தார். கைத்தடியை அக்கா கையில கொடுத்துட்டார். ஒரு படி... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சாவது படியில முட்டி திரும்பிடுச்சு. விழுந்தார். இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சு.

ஆஸ்பத்திரியில நான் அழுதேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்: "விடுங்க பிரதர். கை தட்டினாங்க... முடியாதுங்கிறதே எனக்கு மறந்துபோச்சு."

பதினாலு மாசம் படுக்கை. போன தவக்காலத்துல அடக்கம் பண்ணினோம்.

இந்தக் கதையில பாவி யாரு? டாக்டரா? மேனேஜரா? அப்படிச் சொல்லிட்டா எனக்குச் சௌகரியம். அவங்க அவரைப் பயன்படுத்திக்கிட்டாங்க. நான் அவர் மேல உயிரையே வச்சிருந்தேன்! உயிரை வச்சிருந்த நான்தான் ரெண்டு தடவையும் கை தட்டினேன். அக்கா என்கிட்ட என்ன கேட்டாங்க? ஏழு படி இறங்கச் சொன்னாங்க. எனக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு. பத்து செகண்ட் ஆகியிருக்குமா?

சகோதரங்களே, உங்க வீட்டுல ஒருத்தர் இருக்காங்க. "அவளுக்கென்ன, சமாளிச்சுடுவா"ன்னு புகழ்ந்து புகழ்ந்தே ஓட வைக்கிறீங்களே... அவங்கதான். மரியாதைங்கிறது அவங்களை ஏத்துறது இல்ல. நீங்க இறங்குறது. இன்னிக்குப் போய்க் கேளுங்க, வலிக்குதான்னு. 'இல்ல'ன்னு சொன்னா நம்பாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க.

இதையெல்லாம் ரெஜினா அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் சொன்னேன். அவங்க வந்திருக்காங்க... மூணாவது வரிசை. இப்ப ஜெபம் பண்ணப் போறோம். மைக்கை அணைச்சிடுங்க.

நான் கீழ வர்றேன்.